சில்லுக்கு அடியில் நடப்பது

திரை கறுத்துப்போன மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனால் பல கடைகளில் இன்றும் கிடைக்கும் பதில், "சிப்புக்கு அடியில டிரை சால்டர் சார், ஹாட் ஏர் காட்டினா சரியாயிடும்" என்பதுதான். காட்டுகிறார்கள். சரியாகியும் விடுகிறது. சில வாரமோ சில மாதமோ ஓடிவிட்டு மறுபடி கறுக்கிறது. வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் மீது கோபம். கடைக்காரருக்கோ, தான் உயிர் கொடுத்த மெஷினை இவர் எப்படியோ கெடுத்துவிட்டார் என்ற சந்தேகம். பெரும்பாலும் இருவருமே நேர்மையானவர்கள்தான். சூடு காட்டியபோது அந்தச் சில்லுக்கு அடியில் என்ன நடந்தது என்பது இருவருக்கும் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

சூடு பட்டதும் சில்லு பிழைத்துக்கொண்டால் அடியிலிருந்த சால்டர் இணைப்பு சரியாகிவிட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. அப்படிப் பிழைத்துச் சில வாரத்தில் மறுபடி படுத்துவிட்டால், கோளாறு அடியிலிருந்த சால்டரிலேயே இல்லாமல் சில்லுக்குள் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஏன் என்று விளங்க, கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்புகள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு காலத்தில் சில்லுகளுக்கு நான்கு ஓரத்திலும் கால்கள் இருந்தன. 32 மி.மீ. பக்கமுள்ள சதுரச் சில்லில், அரை மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 60 கால் வைத்தால் மொத்தம் 240. அதற்கு மேல் வேண்டுமென்றால் சில்லைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கால்களை இன்னும் நெருக்க வேண்டும். நெருக்கினால் விரல் பட்டாலே கால் வளையும். பக்கத்துக் கால்களைச் சால்டர் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ஓரத்தை விட்டுவிட்டு வயிற்றுப் பக்கத்தைப் பயன்படுத்தலாம் என்பது தீர்வாக வந்தது. 35 மி.மீ. சதுரத்தின் அடிப்பரப்பில் ஒரு மி.மீ. இடைவெளியில் சால்டர் குண்டுகளை 34 வரிசை, வரிசைக்கு 34 என்று நிரப்பினால் 1156 இணைப்புகள் கிடைக்கின்றன. இடைவெளி இரண்டு மடங்கு தாராளம், இணைப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கடைகளில் பிஜிஏ என்று சொல்லப்படுவது இந்தக் குண்டு வரிசைச் சில்லுதான்.

யோசனையின் வேர் 1960களில் இருக்கிறது. ஐபிஎம் பொறியாளர்கள் சிலிக்கன் துண்டைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முகத்திலிருந்த சால்டர் புடைப்புகளை நேரடியாகப் பீங்கான் தகட்டில் உருக்கி ஒட்டினார்கள். உருகிய சால்டர் பரவி ஓடிவிட்டால் சிலிக்கன் தகட்டில் படிந்துவிடும். அதனால் சால்டர் ஒட்டக்கூடிய இடத்தைச் சிறு புள்ளியாக மட்டுப்படுத்தி, துளி தன் பரப்பு இழுவிசையாலேயே சிலிக்கனைத் தாங்கி நிற்கும்படி செய்தார்கள். ஐபிஎம்மின் எல். எஃப். மில்லர் 1969இல் இந்த முறையை விவரித்து எழுதினார். பிளாஸ்டிக் உறைக்கு அடியில் குண்டு வைத்துச் சாதாரணச் சர்க்யூட் போர்டில் ஒட்டும் வடிவம் 1990ஐ ஒட்டி மோட்டரோலா வழியாகப் பரவியது. இப்போதைய பெரிய சில்லுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: உள்ளே சிலிக்கனுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே நுண்ணிய புடைப்புகள், வெளியே அந்தத் தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே பெரிய குண்டுகள். இந்த இரண்டடுக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

துளியின் அந்த இழுவிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப் போல ஆறேழு மடங்கு. போர்டில் செம்பு பேடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் மேல் குண்டுகளோடு சில்லு சற்றே விலகி உட்கார்ந்திருக்கிறது. பேடின் அகலத்தில் பாதி வரை விலகியிருந்தால்கூடப் பாதகமில்லை. குண்டுகள் உருகியதும் ஒவ்வொரு துளியும் தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது. சாய்ந்து நிற்கும் துளியின் பரப்பு நிமிர்ந்த துளியுடையதைவிட அதிகம். ஆயிரம் துளிகளும் ஒரே நேரத்தில் நிமிர முயல, மொத்தச் சில்லும் தானாக நகர்ந்து நேராகிவிடுகிறது. பெரிதாக்கிக் காட்டும் கேமராவைப் பக்கவாட்டில் வைத்து இதைப் பார்க்க வேண்டும். மங்கலாகச் சாம்பல் பூத்திருந்த குண்டுகள் திடீரென்று பளபளக்கும். சில்லு ஒரு மி.மீ.யில் சிறு பங்கு கீழே இறங்கும். ஒரு கணம் மிதப்பது போல் அசையும். பிறகு தன் இடத்தில் போய் நிற்கும். எந்தக் கையும் இவ்வளவு துல்லியமாக வைக்காது.

இது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. உலோகப் பரப்பில் ஆக்சைடு இருக்கக் கூடாது. அதைக் கரைக்கும் வேலை ஃபிளக்ஸுடையது. எல்லாக் குண்டும் உருக வேண்டும், ஆனால் எதுவும் கருகக் கூடாது. அது வெப்பநிலையின் கணக்கு. பழைய ஈயக் கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்கு வரம்பு விதித்தது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளும் அதே வழியில் போயின. ஈயத்தின் இடத்துக்கு வந்த கலவை 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு செம்பு. அது 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். எல்லா மூலையிலும் உறுதியாக உருக வேண்டுமென்றால் உச்சம் 235 முதல் 245 டிகிரி வரை போயாக வேண்டும். பிளாஸ்டிக் உறையோ 250, 260 டிகிரிக்கு மேல் தாங்காது. 34 டிகிரி ஏறியதில் தொழிலின் நிம்மதியே போய்விட்டது என்று பழைய கைகள் சொல்வது மிகையல்ல.

தொழிற்சாலையில் இந்தச் சூட்டை நீண்ட அடுப்பு கொடுக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி செய்யும் ஆலைகளில் ஓடும் வரிசைகளிலும் இதே அடுப்புதான். போர்டு பட்டையில் ஊர்ந்து போகும், நொடிக்கு ஒன்று முதல் மூன்று டிகிரி வரை ஏறும், 150க்கும் 200க்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம் தாமதித்து எல்லா மூலையும் ஒரே சூட்டுக்கு வரும், பிறகு உச்சம், உருகிய நிலையில் ஒரு நிமிடம் போல இருந்துவிட்டு இறங்கும். மொத்தப் போர்டும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்குகிறது.

பழுதுபார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சில்லை மட்டும் 240 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். மேலிருந்து மட்டும் ஹாட் ஏர் அடித்தால் அந்த இடத்தில் போர்டு விரிந்து தொய்யும்; சுற்றியிருக்கும் குளிர்ந்த பகுதி விட்டுக்கொடுக்காது. அதனால் ஒழுங்காகச் செய்பவர்கள் முதலில் அடியிலிருந்து முழுப் போர்டையும் நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் மேலிருந்து கொடுக்கிறார்கள். இயந்திரத்தின் திரையில் தெரியும் எண் காற்றின் சூடு, குண்டின் சூடு அல்ல. சில்லின் ஓரத்தில் மெல்லிய வெப்பமானிக் கம்பியைச் செருகி அளக்காதவர் ஊகத்தில்தான் வேலை செய்கிறார்.

சில்லைக் கழற்றும் நேரம்தான் மிக அபாயமானது. தரை இணைப்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள குண்டுகள் போர்டுக்குள் அகன்ற செம்புத் தகடுகளோடு சேர்ந்திருக்கும். அந்தத் தகடுகள் சூட்டை இழுத்துக்கொண்டு போவதால் அவை கடைசியில்தான் உருகும். ஓரத்தில் பளபளப்பு தெரிந்ததும் அவசரப்பட்டு வெற்றிடக் கிண்ணத்தால் இழுத்தால், உள்ளே உருகாமல் நின்ற குண்டு பேடையும் பிடுங்கிக்கொண்டு வரும். பேடு என்பது அரை மி.மீ. அகலச் செம்பு வட்டம். அதைப் பிடித்து வைத்திருப்பது அடியிலிருக்கும் பிசின் மட்டுமே, அதுவும் இந்தச் சூட்டில் இளகிப்போயிருக்கும். சில்லு வந்த பிறகு மிச்சச் சால்டரைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்கும்போதும் இதே ஆபத்து. பின்னலை அழுத்தித் தேய்க்கக் கூடாது. சால்டர் உருகி அது தானாக வழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். நல்ல கைகாரரை இந்த ஒரு இடத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். அதன் பிறகு வரும் ரீபால் வேலை, அதாவது ஸ்டென்சிலின் துளைகள் வழியே புதுக் குண்டுகளை உட்காரவைத்து உருக்குவது, பார்க்க வியப்பாக இருந்தாலும் ஒப்பீட்டில் எளிது.

ஈரப்பதத்தை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை, கடற்கரை ஊர்களில்கூட. சில்லின் பிளாஸ்டிக் உறை காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல உறிஞ்சும். 240 டிகிரிக்குச் சட்டென்று போகும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உறையை உள்ளுக்குள் பிளக்கும். சில சமயம் சத்தமே கேட்கும். அதனால்தான் தொழில்துறை ஒவ்வொரு சில்லுக்கும் ஈரத் தர எண் வைத்திருக்கிறது. பரவலாகக் காணப்படும் 3ஆம் தரத்துக்கு, உறை பிரித்த பின் 30 டிகிரிக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில் 168 மணி நேரம்தான் கெடு. ஐப்பசி மாதத்துச் சென்னையில் கதவு திறந்த கடைக்கு அந்த 60 விழுக்காடு எட்டாத கனவு. வருடக்கணக்கில் புழங்கிய மடிக்கணினியின் சில்லு கெடுவையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். சூடாக்குவதற்கு முன் மிதமான சூட்டில் பல மணி நேரம் உலர்த்த வேண்டும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும் கடையில் அது நடப்பதில்லை. ஏற்கெனவே நலிந்த சில்லுக்கு வைத்தியமே புதுக் காயத்தை உண்டாக்கிவிடுகிறது.

இணைப்புகள் ஏன் விரிகின்றன என்ற கேள்விக்கு வருவோம். சால்டர் நமக்குத் திடப்பொருளாகத் தெரிகிறது. ஒரு உலோகம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கெல்வின் அளவில் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். 217 டிகிரி என்பது 490 கெல்வின். நம் அறையின் 30 டிகிரி 303 கெல்வின். அறையில் சும்மா இருக்கும் சால்டர் ஏற்கெனவே தன் உருகுநிலையில் 62 விழுக்காட்டில் இருக்கிறது. இரும்பு அதே நிலையை அடைய 850 டிகிரி வரை சூடேற வேண்டும்: கொல்லன் உலையிலிருந்து சிவக்கச் சிவக்க எடுத்த இரும்பு. கணினி ஓடிச் சில்லு 70 டிகிரிக்குப் போனால் இரும்புக் கணக்கில் ஆயிரம் டிகிரியை நெருங்குகிறது. சிவந்த இரும்பு சிறு சுமைக்கும் மெல்ல மெல்ல நெளிந்துகொடுப்பதைப் போலவே, சால்டரும் நெளிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நெளிவும் கொஞ்சம் களைப்பைச் சேர்த்து வைக்கிறது.

நெளியச் செய்வது வெப்ப விரிவு. சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகவே விரியும். பீங்கான் உறை ஏழு பங்கு போல. போர்டும் சிலிக்கனைத் தாங்கும் பிசின் தகடும் பதினாறு பங்கு போல. 35 மி.மீ. பீங்கான் சில்லில் நடுவிலிருந்து மூலைக் குண்டு 23 மி.மீ. தள்ளி இருக்கிறது. சூடு 60 டிகிரி ஏறினால் மூலையில் போர்டுக்கும் உறைக்கும் ஏற்படும் இழுபறி 13 மைக்ரான் அளவுக்கு வரும். குண்டின் உயரம் 400 மைக்ரான் என்றால் சாய்வு 3 விழுக்காடு. முதலில் விரிவது மூலைக் குண்டுகளே என்பதற்குக் காரணம் இதுதான். பிளாஸ்டிக் உறைக்கு இந்தத் தொல்லை இன்னும் குறைவு, ஏனெனில் அது கிட்டத்தட்ட போர்டோடு சேர்ந்தே விரிகிறது.

இதே கணக்கை உள்ளடுக்கில் போட்டுப் பாருங்கள். சிலிக்கன் துண்டு 15 மி.மீ. சதுரம்தான், மூலை 10 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. விரிவு வித்தியாசமோ பதின்மூன்று பங்கு. 60 டிகிரி ஏற்றத்துக்கு இழுபறி 8 மைக்ரான். சிறியதுதான். ஆனால் உள்புடைப்பின் உயரம் 80 மைக்ரானைத் தாண்டாது. சாய்வு 10 விழுக்காடு! வெளிக்குண்டு தாங்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. தடுப்பு இல்லாவிட்டால் இவை சீக்கிரமே அறுந்துபோகும் என்பதால், சிலிக்கனுக்கு அடியில் கெட்டியான பிசின் நிரப்பி, இழுபறியைப் புடைப்புகள் மட்டும் சுமக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிசின் ஓடும் சூட்டிலேயே இளகிவிடும் ரகமாக அமைந்துவிட்டால், பாரம் முழுவதும் புடைப்பின் தலையில் இறங்கிவிடும்.

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் போன தன் கிராஃபிக்ஸ் சில்லுகள் சிலவற்றில் சிலிக்கனையும் உறையையும் சேர்க்கும் பொருட்கள் பலவீனமாக இருந்ததாகச் சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை இழப்புக்காக ஒதுக்கியது. அதற்கு ஓராண்டு முன் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியின் சிவப்பு வளையக் கோளாறுக்காக உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பெட்டியைத் துண்டால் சுற்றிச் சூடேற்றினால் பிழைக்கும் என்ற வைத்தியம் அப்போது உலகமெங்கும் பரவியது. போர்டுக்கும் சில்லுக்கும் நடுவிலுள்ள குண்டுகள்தான் விரிந்தன என்றே பலரும் நம்பினார்கள்; அதற்காக ரீபால் செய்யும் கடைகள் பெருகின. மைக்ரோசாஃப்ட் 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் அதன் பொறியாளர்களே விளக்கம் சொன்னார்கள்: விரிந்தவை சில்லுக்கு உள்ளே இருந்த இணைப்புகள், மாற்றி மாற்றிச் சூடாகிக் குளிர்ந்ததே காரணம்.

அப்படியானால் சூடு காட்டியதும் பிழைத்தது எப்படி? அக்காலச் சில்லுகள் பலவற்றின் உள்புடைப்பு, ஈயம் 90 விழுக்காட்டுக்கு மேல் கலந்த உலோகம். அது உருக 300 டிகிரி வேண்டும். கடையில் காட்டிய சூட்டில் அது உருகியிருக்கவே முடியாது. நடந்தது வேறு. சூட்டில் பிசின் இளகி, தகடு வளைந்து நெளிந்து, விரிசலின் இரண்டு முகங்களும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. ஒட்டவில்லை, தொட்டன. மின்சாரத்துக்கு அது போதும். சில்லு மீண்டும் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொடுகை தளர்ந்துகொண்டே வரும். அடியிலிருக்கும் ஆயிரம் குண்டுகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாலும் இதேதான் நடக்கும், ஏனெனில் ரீபால் செய்வதற்காகக் கொடுத்த சூடும் சூடுதானே. புதுக் குண்டுகளுக்குப் போகும் பாராட்டு அவற்றுக்கு உரியதல்ல. இந்த வகைக் கோளாறுக்கு ஒரே தீர்வு, திருத்தி வடிவமைக்கப்பட்ட புதுச் சில்லை வைப்பது.

கட்டை விரலால் சில்லை அழுத்தினால் கணினி ஓடுகிறது, ஆகவே அடிக்குண்டுதான் விரிந்திருக்கிறது என்ற சோதனையும் இதனால் செல்லாது. அழுத்தம் உள்ளடுக்கையும் சேர்த்தே வளைக்கிறது.

வெளிக்குண்டு விரிவதே இல்லை என்று சொல்லவில்லை. ஐபோன் 6 பிளஸ் நல்ல எடுத்துக்காட்டு. திரையின் மேல் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை துடித்து, தொடுதல் வேலை செய்யாமல் போகும் கோளாறு 2016இல் பரவலாகப் பேசப்பட்டது. அந்த நீண்ட மெல்லிய உடல் வளையும்போதும் கீழே விழும்போதும் தொடுதிரைச் சில்லுகளின் குண்டுகள் விரிந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஆப்பிள் 149 டாலர் கட்டணத்தில் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. அந்தச் சில்லுக்கு அடியில் பிசின் நிரப்பும் வழக்கத்தை அதே ஆண்டு மே மாதமே உற்பத்தியில் சேர்த்துவிட்டிருந்தது என்பது 2018இல் வெளிவந்த நீதிமன்ற ஆவணங்களில் தெரியவந்தது. இந்த மாதிரிக் கோளாறுக்குச் சில்லைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைப்பது முறையான வைத்தியம்தான். காரணம் சூட்டின் களைப்பா, வளைவா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பழுதுபார்ப்பின் பாதி அங்கே முடிந்துவிடுகிறது.

பிரித்தறியக் கருவிகள் உண்டு. எக்ஸ்ரே படத்தில் குண்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளும் ஒட்டிக்கொண்ட குண்டுகளும் தெரியும்; மெல்லிய விரிசல் நேர்ப்படத்தில் எளிதில் தெரியாது, சாய்த்துப் பார்க்க வேண்டும். சில்லுக்கு அடியில் சிவப்புச் சாயத்தைப் பாய்ச்சி உலரவிட்டுப் பெயர்த்தெடுத்தால், எந்தக் குண்டின் முகத்தில் சாயம் ஏறியிருக்கிறதோ அது முன்பே விரிந்தது என்று அறியலாம். போர்டு அதோடு போய்விடும் என்பதால் அது ஆய்வகத்துக்கு மட்டும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது, ஜேடேக் என்று அழைக்கப்படும் 1990ஆம் ஆண்டுத் தரம். இணைப்புகள் கண்ணிலிருந்து மறையத் தொடங்கிய காலத்தில், நான்கைந்து கம்பி வழியே கட்டளை கொடுத்தால் சில்லு தன் முனைகளைத் தானே சோதித்துச் சொல்லும்படி பொறியாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். கண் இழந்ததைச் சில்லின் அறிவிலிருந்தே ஈடுகட்டிய நல்ல பொறியியல் அது.

தொழில் இப்போது சூட்டைக் குறைக்கும் திசையில் நகர்கிறது. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த சால்டர் 138 டிகிரியிலேயே உருகிவிடும். சில்லுகள் மெலிந்துகொண்டே போவதால் 240 டிகிரியில் அவை அப்பளம் போல் வளைகின்றன. சூடு குறைந்தால் வளைவும் குறையும், மின்சாரமும் மிச்சம். லெனோவோ 2017இல் இந்தக் குறைசூட்டு முறையைத் தன் மடிக்கணினித் தயாரிப்பில் கொண்டுவந்ததாக அறிவித்தது. பிஸ்மத் கலவை நொறுங்கும் தன்மை கொண்டது, கீழே விழுந்தால் விரியும் என்பதுதான் அதன் குறை.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் இருக்கிறது. பிஸ்மத் சால்டர் போட்ட போர்டு பழுதுக்கு வரும்போது, பழக்கத்தில் 183 டிகிரி ஈயப் பேஸ்டை எடுத்து அதன் மேல் வைத்தால், வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் ஓரளவு சேர்ந்த இடத்தில் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகிவிடும். அன்றைக்கு எல்லாம் பளபளப்பாக இருக்கும், மெஷினும் ஓடும். கோடைப் பகலில் முழு வேகத்தில் ஓடும் கிராஃபிக்ஸ் சில்லு 90 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஆகவே ஹாட் ஏரைக் கையில் எடுப்பதற்கு முன், எந்தச் சால்டர் போட்டு வந்த போர்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத போர்டில் ஈயப் பேஸ்டைத் தொடாமல், பழைய சால்டரைப் பின்னலால் முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு ஒரே கலவையில் புதிதாகத் தொடங்குவதே சரி.